இது பொது இல்ல

எங்கள் அலுவலகத்து ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். ஏதோ கல்யாணத்தில் காலியானதை யாரோ என்னோடு வேலை பார்த்த அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அவளுடைய தயிர், அவளுடைய பச்சை மிளகாய், அவளுடைய எலுமிச்சை ஊறுகாய், ஒரு கரண்டி, அந்தக் கரண்டியைத் துடைக்க ஒரு துணி. மூடியின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, நீல மார்க்கரால் எழுதியிருப்பாள்: ‘இது பொது இல்ல.’

வேலைக்குச் சேர்ந்த அன்று தண்ணீர் பாட்டில் தேடியவள், தெரியாத்தனமாக அந்த மூடியில் கை வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அத்த மூடு. பாட்டில் கீழ்த்தட்டுல கீது.”

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை. சரியான ராங்கிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அது பாதி சரி.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், ஒரு பிரஸ் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இயந்திரம் தகட்டை அடிக்கும்போதெல்லாம் மேலே எங்கள் மானிட்டர்கள் தலையாட்டும். மொத்தம் மூன்றே பேர். முதலாளியான சார், அவள், நான். அக்கம்பக்கத்து டிரைவிங் ஸ்கூல், கல்யாண மண்டபம், தண்ணீர் கேன் கடை என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு இணையதளம் போட்டுக் கொடுப்பது தொழில். தனி சர்வர் வைக்கும் வசதி இவர்கள் யாருக்கும் கிடையாது. முகம் தெரியாத நூறு பேரோடு ஒரே சர்வரில் குடித்தனம் செய்கிற வாடகை இடம்தான் எல்லாருக்கும். ஷேர்டு ஹோஸ்டிங் என்பார்கள்.

நான் கோயில்பட்டியிலிருந்து எம்.சி.ஏ. முடித்துவிட்டு வந்தவள். திருவேற்காட்டில் இன்னும் இரண்டு பெண்களோடு அறை எடுத்திருந்தேன். அவளுக்கு என் வயதுதான். அண்ணனூரில் பிறந்து வளர்ந்து, டிப்ளமோ படித்து, எனக்கு மூன்று வருடம் முன்பே இங்கே வந்து உட்கார்ந்தவள். என் பெயர் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. “இன்னா கோயில்பட்டி, துன்னியா?” என்றுதான் கேட்பாள். ஊரையே தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள்.

அவளோடு ஷேர் ஆட்டோவில் போவது ஒரு தனி வேடிக்கை. பின் சீட்டில் நாலு பேரை அடைப்பார்கள். அவள் பையை மடியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு முழங்கையையும் அந்தப் பையின் அகலத்துக்குள் அடக்கிக்கொள்வாள். அதற்கு மேல் ஒரு விரற்கடை எடுக்கமாட்டாள். ஆனால் அதற்குள் யாரும் வரவும் முடியாது. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்த பெரிய மனிதர் ஒருவர் காலை அகட்டிக்கொண்டே போனார். இவள் கோபமே படாமல் சொன்னாள்.

“அண்ணாத்தே, உன் முட்டி என் ஊட்டுக்குள்ள வந்துகினு கீது.”

ஆட்டோவே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு காலை ஒடுக்கிக்கொண்டார்.

அவள் வீடு என்பது அண்ணனூரில் ஒரு லைன் வீட்டின் ஆறாம் நம்பர். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடுகள், எட்டு வீட்டுக்கும் முற்றத்தில் ஒரே குழாய். அவள் அறிவு முழுக்க அந்தக் குழாயடியில் முளைத்தது என்று நான் கிண்டல் செய்வேன். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

“பைப்பு எட்டு ஊட்டுக்கும் பொது. கொடம் என்னுது. பைப்புல கைய வெச்சா எட்டு ஊட்லயும் சண்ட. கொடத்துல நான் இன்னா வேணா பண்ணுவேன், எவன் கேப்பான்?”

இதைச் சொல்வதோடு நிறுத்துகிறவள் இல்லை. ஒரு கோடையில் நாலாம் நம்பர் வீட்டு அக்கா குழாயில் நேரடியாக ஹோஸை மாட்டித் தன் டிரம்முக்குத் தண்ணீர் விட்டிருக்கிறாள். மற்ற ஏழு வீட்டுக்கும் சொட்டு வரவில்லை. இவள் தன் அம்மாவின் துணி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் ஹோஸை மூன்று துண்டாக்கிவிட்டு வந்துவிட்டாள். அதிலிருந்து இரண்டு வருடமாக நாலாம் நம்பரோடு பேச்சு வார்த்தை கிடையாது. குழாயடியில் பார்த்தால்கூட இருவரும் குடத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான் சேர்ந்த முதல் மாதத்திலேயே குழாயில் கை வைத்தேன். தண்ணீர் கேன் கடைக்காக ஒரு நிரல் எழுதினேன். அதற்கு ஒரு துணைநிரலின் புதிய பதிப்பு தேவைப்பட்டது. சார் எல்லாத் தளங்களையும் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தார். நான் பொது இடத்திலேயே பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். கேன் கடை அழகாக ஓடியது. பழைய பதிப்பை நம்பிக்கொண்டிருந்த டிரைவிங் ஸ்கூல் குப்புற விழுந்தது.

ஃபோனில் திட்டினால் போதாது என்று அந்த டிரைவிங் ஸ்கூல்காரர் வெயிலில் மாடி ஏறி நேரிலேயே வந்துவிட்டார். சார் கழிவறைக்குப் போனவர் திரும்பவே இல்லை. நான் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டேன். அவள்தான் எழுந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள், தயிரைக் கரைத்தாள், பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டாள், ஒரு டம்ளர் மோரை அவர் கையில் கொடுத்தாள்.

“குந்து நைனா. மோர குடிச்சி முடிக்கிறதுக்குள்ள உன் சைட்டு வந்துரும்.”

அவர் குடித்து முடிப்பதற்குள் வந்தும்விட்டது. அந்த டப்பா இன்னொருவருக்காகத் திறந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அவர் இறங்கிப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“பைப்புல கைய வெச்சியா?”

“தெரியாம செஞ்சிட்டேன்.”

“சரி உடு. ஒரு சைட்டுக்கு ஒரு டப்பா போட்டுருவோம். அதுக்கு வேண்டியத அதுக்குள்ளயே வெச்சி மூடிட்டா, பக்கத்து ஊட்டுக்கும் நமக்கும் பேச்சே இல்ல.”

கணினிக்காரர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் தேர்வில் அந்தப் பெயரை எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியவள்தான். அவள் அதை டப்பா என்றுதான் சொன்னாள். கோப்புறைக்கே டப்பா என்று பெயரும் வைத்தாள். ஒரு வாரத்தில் எங்கள் எல்லாத் தளங்களுக்கும் தனித்தனி டப்பா வந்துவிட்டது. அதன்பின் ஒன்று விழுந்து இன்னொன்றை இழுத்தது என்ற பேச்சே இல்லை.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. சர்வரில் எந்தப் பெரிய வேலையைத் தொடங்கினாலும் கட்டளைக்கு முன்னால் ‘நைஸ்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் தட்டுவாள். சர்வருக்கு அது என்ன சொல்கிறது என்றால், மற்றவர்கள் வேலை இருந்தால் முதலில் அதைப் பார், என்னுடையதைப் பிறகு பார் என்கிறது. எனக்கு எரிச்சலாக வரும்.

“நூறு பேர்ல ஒருத்தராவது நமக்காக இதைப் போடுறாங்களா? நாம மட்டும் ஏன் போடணும்?”

“போடாட்டி போவட்டும். தண்ணி எட்த்துகினு போறவங்கள முன்னாடி உட்டா, நம்ம கொடம் ரொம்பாமயா போயிரும்?”

அவள் குடம் நிரம்பாமல் போனதில்லை என்பதையும் சொல்லவேண்டும். எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு, தன் முறை வந்தால் ஒரு சொட்டு விடமாட்டாள். ஆனால் யாரிடமும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவும் மாட்டாள். என் அம்மா ஊரிலிருந்து முறுக்கு கொடுத்தனுப்பினால், “எனுக்கு வோணாம், ஊட்ல கீது” என்பாள். மழையில் குடைக்குள் கூப்பிட்டால் நனைந்துகொண்டே போவாள். இது எனக்கு உள்ளூர வருத்தமாக இருக்கும். இவ்வளவு இறுக்கமாக மூடிக்கொண்டு ஒருத்தி எப்படி இருக்கமுடியும் என்று நினைப்பேன்.

அடுத்த வருடம் மே மாதத்தில் ஆவடிப் பக்கத்துத் தையல் குழு ஒன்று எங்களிடம் வந்தது. பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து பள்ளிச் சீருடை தைக்கிற குழு. அவளுடைய அம்மா அதில் ஒருத்தி. மூன்று பள்ளிகள் அந்த வருடச் சீருடையை இவர்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தன. ஒரு நிபந்தனையும் வைத்திருந்தன. பெற்றோர் வீட்டிலிருந்தே பிள்ளையின் அளவைக் கொடுக்க ஒரு தளம் வேண்டும், அது குறிப்பிட்ட திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை என்றால் வேலை பெரிய துணிக்கடை ஒன்றுக்குப் போய்விடும். பதினெட்டுப் பேருக்கும் அந்த வருடம் தையல் இல்லை.

தளத்தை நான் எழுதினேன், நன்றாகவே எழுதினேன். பிள்ளையின் வயதைப் போட்டால் தோராயமான அளவைத் தானே சொல்லும். தப்பாக இடுப்பளவு போட்டால் ‘மறுபடி அளந்து பாருங்கள்’ என்று கெஞ்சும். ஒரே ஒரு சிக்கல். நான் எழுதியது பைத்தான் என்ற கணினி மொழியின் புதிய பதிப்பில். சர்வரில் இருந்ததோ ஆதிகாலத்துப் பைத்தான். ஹோஸ்டிங் கம்பெனியிடம் கேட்டதற்கு, இது நூறு பேர் சேர்ந்து இருக்கிற இடம், உங்களுக்காக மாற்றமுடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

“அவங்க சொல்றது கரெக்ட்தான். நாம பைப்ப மாத்த வோணாம். பைத்தானயே டப்பாக்குள்ள கட்டிருவோம்” என்றாள் அவள்.

கம்பெனி ஒரு சோதனைக் கணக்கு கொடுத்திருந்தது. அதில் பைத்தானின் மூல நிரலை இறக்கி, அங்கேயே கட்ட ஆரம்பித்தாள். பொதுச் சர்வரில் ஒரு வேலை அதிகமாக நினைவகம் எடுத்தால் காவல்காரன் மாதிரி வந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். மூன்று முறை தள்ளினார்கள். மூன்று முறையும் கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமலே, “போட்டான் பாரு!” என்று சிரித்தாள். பிறகு வேலையைத் துண்டு துண்டாக்கி, ஒன்று முடிந்ததும் ஒன்று என்று, நைஸ் போட்டு, நாலு நாளில் கட்டி முடித்தாள். வெள்ளிக்கிழமை மாலை என் தளம் புதிய பைத்தானில் ஓடியது. நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். பையை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நான் வர மாட்டேன். தையல் குழு பேர்ல புது அக்கவுண்ட் வரும். நீ ஒண்ணும் தொடாத. ஞாயித்துக்கெயம நான் வந்து புதுசா போட்றேன்.”

தொடாதே என்றால் தொடாமல் இருக்கவேண்டும். ஆனால் நான் எம்.சி.ஏ. ஆயிற்றே! சனிக்கிழமை புதுக் கணக்கு வந்ததும் எனக்குக் கை அரித்தது. எதற்கு மறுபடி நாலு நாள் வேலை? கட்டி வைத்த டப்பாவை அப்படியே சுருட்டி, புதுக் கணக்கில் கொண்டுபோய் விரித்தால் முடிந்தது. அவளுக்கு ஃபோன் போட்டு, நானே முடித்துவிட்டேன் என்று சொல்லவேண்டும் என்ற ஆசை வேறு. சுருட்டினேன், விரித்தேன். எல்லாக் கோப்பும் அச்சு அசலாக வந்திருந்தது. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே சாரிடம் “முடிஞ்சது சார்” என்றேன். அவர் உடனே கம்பெனிக்குச் சொல்லிச் சோதனைக் கணக்கை மூடச் செய்துவிட்டார்.

பிறகுதான் ஓட்டினேன். ஓடவில்லை.

அந்த டப்பா கட்டப்பட்டபோதே, தான் இருக்கும் விலாசத்தைத் தன் ஒவ்வொரு மூலையிலும் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. இப்போது புது வீட்டில் உட்கார்ந்துகொண்டு பழைய விலாசத்தையே கேட்டது. அந்த விலாசமோ ஒரு மணி நேரத்துக்கு முன் அழிந்துபோயிருந்தது. நான் கையால் நாலு இடத்தில் விலாசத்தைத் திருத்தினேன். பதினாலு இடத்தில் புதிதாகக் கத்தியது. மாலைவரை திருத்தித் திருத்தி, கடைசியில் எது எங்கே இருந்தது என்பதே எனக்கு மறந்துபோனது. சார் மட்டும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

இதை ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிறு காலை அம்பத்தூருக்கு ஷேர் ஆட்டோவில் வந்து, ரயிலேறி அண்ணனூரில் இறங்கினேன். அது தண்ணீர் விடுகிற நேரம். முற்றத்தில் குடங்கள் வரிசையாக நின்றன. அவள் ஐந்தாவதாக நின்றாள். ஆறாம் நம்பர் வாசலில் அவள் அம்மா தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா கோயில்பட்டி, ஞாயித்துக்கெயம காலைல?”

“டப்பாவைத் தூக்கிட்டேன்.”

“எங்க தூக்கின?”

“புது அக்கவுண்டுக்கு. பழசை மூடியாச்சு. ஓடல.”

வரிசை நகர்ந்தது. அவள் குடத்தை ஒரு அடி நகர்த்தினாள். மறுபடி நகர்ந்தது, மறுபடி நகர்த்தினாள். அவள் முறை வந்தது, இரண்டு குடம் பிடித்தாள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த இரண்டு குடம் நிரம்புகிற நேரத்தில் பதினெட்டுப் பெண்களின் முகமும் எனக்குத் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

அவள் அம்மாதான் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “இன்னாம்மா, ஏன் அய்வுற?”

அவள் குடத்தை இறக்கிவைத்துச் சொன்னாள். “ஒண்ணுமில்லம்மா. நான் ஒருத்தருக்கு அளவெட்த்துத் தெச்ச சட்டைய, இவ எட்த்துகினு போயி வேற ஒருத்தருக்கு மாட்டி உட்டுக்கிறா.”

“அதுக்கு ஏன் அய்வுணும்? பத்தாட்டி பிரிச்சிப் போடு. புது துணிய வெட்டு. அளவு கீதில்ல?”

“கீது” என்றாள் அவள். அப்போதுதான் அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

உள்ளே போய் அம்மாவின் அளவு நோட்டை எடுத்துவந்தாள். முன்பக்கம் பூராவும் மார்பு, இடுப்பு, கை நீளம். திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். அவள் கையெழுத்தில் டப்பாவுக்குள் போட்ட ஒவ்வொரு சாமானின் பெயரும், அதன் பதிப்பு எண்ணும், எதற்குப் பிறகு எது என்ற வரிசையும், எந்தக் கட்டளைக்குச் சர்வர் கழுத்தைப் பிடித்தது என்பதும் இருந்தன.

“டப்பாவ எப்பவும் தூக்கிகினு போவக் கூடாது. லிஸ்ட்ட எட்த்துகினு போவணும். அத்த வெச்சி எங்க வேணா புதுசா கட்டிக்கலாம். போன தபா நாலு நாளாச்சி, தெரியாம மோதினோம். இப்ப தெரிஞ்சி போவப்போறோம். ஏந்திரு, மூஞ்சி கய்வு.”

அன்று எஸ்டேட்டில் மின்தடை, அலுவலகம் போய்ப் பயனில்லை. தையல் மிஷினை உள்ளே மடக்கி, அதன் மேல்பலகையில் நான் கொண்டுவந்திருந்த மடிக்கணினியை வைத்தோம். என் ஃபோனிலிருந்து இணைப்பு எடுத்தோம். பைத்தான் பாதி கட்டியிருக்கும்போது இணைப்பு அறுந்தது. இணைப்பு அறுந்தால் சர்வர் வேலையையும் நிறுத்திவிடும், அந்தக் கம்பெனியின் சட்டம் அப்படி. அவள் ஃபோனுக்கு மாறினோம். முக்கால்வாசியில் அறுந்தது. இருவர் சிம்முக்கும் அந்த ஷீட் கூரைக்குக் கீழே சிக்னல் கண்ணாமூச்சி ஆடியது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

என் அறைக்குப் போய்விடலாமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நாலாம் நம்பர் வீட்டு அக்கா. காலையிலிருந்து எல்லாவற்றையும் தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையில் ஃபோன்.

“என் சிம்முக்கு இங்க ஃபுல் டவர். ஆன் பண்ணி வெச்சிக்கிறேன். வோணும்னா எட்த்துக்கோ.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. முறுக்கு வாங்காதவள், குடைக்குள் வராதவள். கத்தரியால் ஹோஸை வெட்டிய கை அது. மிஷின் இல்லாமல் கையால் பித்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மாவும் ஊசியை நிறுத்திவிட்டார்.

“பாஸ்வேர்ட் இன்னா?” என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே.

“ஒண்ணுலேர்ந்து எட்டு வரிக்கும். நம்ம ஊட்டு நம்பருங்கதான்.”

மறுபடி ஆரம்பித்தோம். விஷயம் எப்படியோ எட்டு வீட்டுக்கும் போய்விட்டது. தையல் குழுவில் அந்த லைனிலேயே மூன்று பெண்கள் இருந்தார்கள். நாலாம் நம்பர் அக்கா முற்றத்தில் நின்று கொடுத்த உத்தரவை என்னால் மறக்கவே முடியாது.

“யாரும் போன்ல படம் பாக்காதீங்க! பொண்ணு வேல செய்து. நீங்க பாத்தீங்கன்னா டவர இஸ்த்துகினு பூடும்!”

எட்டு வீடும் அடங்கியது. ஞாயிறு மத்தியானம், ஒரு ஃபோனிலும் பாட்டு இல்லை, படம் இல்லை. ஒருவர் விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம், அவர் மனைவி ஃபோனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள். அக்காவின் ஃபோனில் சார்ஜ் இறங்கியபோது இரண்டாம் நம்பரிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வந்தது, ஏழாம் நம்பரிலிருந்து சார்ஜர் வந்தது. எட்டாம் நம்பரிலிருந்து ஒரு தட்டில் கருவாட்டுக் குழம்பும் சோறும் வந்தது. அவள் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் அம்மா வாங்கி வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது அந்த நைஸ் ஞாபகம் வந்தது. முகம் தெரியாத நூறு பேருக்கு வருடக்கணக்கில் வழிவிட்டவளுக்கு, அன்று எட்டு வீடும் ஒதுங்கி வழிவிட்டது. அதைச் சொன்னால் அவள் என்னைக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவாள் என்று சொல்லாமல் விட்டேன். சொல்லியிருக்கலாம்.

நோட்டைப் பார்த்து நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன், அவள் தட்டினாள். முடித்த பெயரை அம்மாவின் தையல் சாக்குக்கட்டியால் அடித்தேன். நாலு மணி சுமாருக்குக் கடைசிப் பெயர். தளம் திறந்தது. திரையில் சீருடை போட்ட பிள்ளையின் படம் வந்து, ‘வணக்கம், உங்கள் பிள்ளையின் வயது என்ன?’ என்று கேட்டது. நான் கத்திய கத்தலில் எட்டு வீடும் வாசலுக்கு வந்துவிட்டது.

அவள் மெதுவாக எழுந்து முற்றத்துக்கு வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு நாலாம் நம்பரை நேராகப் பார்த்தாள்.

“அக்கா, முடிஞ்சிது.”

“முடிஞ்சிதா? அப்போ நான் சீரியல் பாக்கலாமா?”

முற்றமே சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே போய்க் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நாங்கள் மூவரும் ஒரே மானிட்டர் முன்னால் நின்றோம். கீழே பிரஸ் அடித்தது, மானிட்டர் தலையாட்டியது. பத்தேகாலுக்கு முதல் பெயர் வந்தது, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அந்தப் பெற்றோர் இடுப்பளவைத் தப்பாகப் போட்டார்கள். தளம் கெஞ்சியது. திருத்திப் போட்டார்கள். பிறகு மழை மாதிரி வந்துகொண்டே இருந்தது. அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, “யம்மா, கத்தரிய சாண புடிச்சி வெச்சிக்கோ” என்றாள். சாருக்கு நான் செய்த கூத்து எதுவும் கடைசிவரை தெரியாது. அவள் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருடம் அவளுக்கு வேறு ஊரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். நாலாம் நம்பர் அக்கா ரயில் நிலையம்வரை வந்து மூட்டை தூக்கினாளாம். எங்கள் அலுவலகத்தில் கடைசி நாளன்று கேக் வெட்டினோம், சார் பேச வராமல் பேசினார். நான் நீட்டிய முறுக்குப் பொட்டலத்தை அவள் வாங்கிக்கொண்டாள். “உங்கம்மா கைல எண்ண ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டே மூன்றைத் தின்றாள். என்னைக் கட்டிப்பிடித்தபோது பை நடுவில் இல்லை. அது மேசைமேல் இருந்தது.

மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நடுத்தட்டில் அந்த ஐஸ்கிரீம் டப்பா அப்படியே இருந்தது. மறந்துவிட்டுப் போய்விட்டாளே என்று எடுத்தேன். உள்ளே புதுத் தயிர், பச்சை மிளகாய், நிறைய ஊறுகாய், கரண்டி, துவைத்து மடித்த துணி. துணிக்குக் கீழே அளவு நோட்டிலிருந்து கிழித்த நாலு தாள். எங்கள் தளங்கள் ஒவ்வொன்றையும் எங்கே வேண்டுமானாலும் புதிதாகக் கட்டிக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் ஒரு லிஸ்ட்.

மூடியைத் திருப்பி வைக்கும்போதுதான் கவனித்தேன். பிளாஸ்திரியின் கடைசித் துண்டை நகத்தால் பிய்த்து எடுத்திருந்தாள். மிச்சம் இருந்தது ‘இது பொது’ மட்டும்தான்.

அந்தத் தயிரில் கை வைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் டிரைவிங் ஸ்கூல்காரர் வேறு ஏதோ வேலையாக மாடி ஏறி வந்தார். வெளியே நல்ல வெயில். நான் எழுந்து போய் டப்பாவைத் திறந்து, தயிரைக் கரைத்து, மிளகாயைக் கிள்ளிப் போட்டு இரண்டு டம்ளர் மோர் எடுத்துவந்தேன்.